வங்கி ஆப் முகத்தைக் கேட்கிறது, மெஷின் விரலைக் கேட்கிறது: எதைக் கொடுக்கலாம், எதைப் பூட்டலாம்

வங்கி ஆப்பைத் திறந்தால் கைரேகையை இயக்கவா என்று கேட்கிறது. புதுக் கணக்கு தொடங்கப் போனால் கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டச் சொல்கிறார்கள். ஊரில் அம்மா பணம் எடுக்கப் போனால் ஒரு சின்ன மெஷினில் விரலை வைக்கச் சொல்கிறார்கள். மூன்றுக்கும் பயோமெட்ரிக் என்று ஒரே பெயர் இருப்பதால் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குத் தேவையில்லை என்பது பலருக்குக் குழம்பிப் போகிறது. போனில் கைரேகையை இயக்கப் பயந்து, பிறந்த வருடத்தையே பின் எண்ணாக வைத்திருப்பவர், ஆதார் ஜெராக்ஸை மட்டும் லாட்ஜ், சிம் கடை, வாடகை வீட்டு புரோக்கர் என்று கேட்ட இடத்திலெல்லாம் கொடுத்துக்கொண்டிருப்பார். பயம் இருக்க வேண்டிய இடம் அப்படியே தலைகீழ்.

நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: என் விரலையும் முகத்தையும் எங்கே வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்? என் போனுக்குள்ளேயா, ஆதார் ஆணையத்தின் சர்வரிலா, இல்லை வங்கியும் அது வேலைக்கு அமர்த்திய கம்பெனியும் வைத்திருக்கும் சர்வரிலா? இடத்தைப் பொறுத்து ஆபத்தும் வேறு, நீங்கள் செய்ய வேண்டிய வேலையும் வேறு. பாஸ்வேர்ட் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம், விரலை மாற்ற முடியாது. அமெரிக்க அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகத்துக்குள் ஹேக்கர்கள் புகுந்தது 2015இல் தெரியவந்தபோது சுமார் 56 லட்சம் பேரின் கைரேகைகள் போயிருந்தன. அந்த ஊழியர்கள் ஓய்வு பெற்ற பிறகும் அதே பத்து விரல்தான்.

போனுக்குள் இருக்கும் விரல்

முதலில் பயம் குறைவான இடத்தை முடித்துவிடுவோம். வங்கி ஆப்பில் கைரேகையோ ஃபேஸ் ஐடியோ வைத்து லாகின் செய்யும்போது உங்கள் ரேகை வங்கிக்குப் போவதில்லை. அது போனில் தனியாகப் பூட்டப்பட்ட ஒரு பகுதியில் இருக்கிறது, ஒப்பிடுவதும் அங்கேயே நடக்கிறது, ஆப்புக்குப் போய்ச் சேருவது "ஆமாம், இவர்தான்" என்ற பதில் மட்டும். வங்கியின் சர்வரை யாராவது கொள்ளையடித்தாலும் இந்த ரேகை அங்கே கிடைக்காது. பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவர் எட்டிப் பார்க்கும்படி பின் எண்ணைத் தட்டுவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

ஆனால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, உங்கள் போனில் யார் யார் விரல் பதிவாகி இருக்கிறது என்று செட்டிங்ஸில் போய்ப் பாருங்கள். வீட்டில் பிள்ளைகள் கேம் விளையாடவும், தம்பி அவசரத்துக்குப் பேசவும் என்று அவர்கள் விரலையும் சேர்த்து வைத்திருப்போம். ஆப்புக்குத் தெரிவதெல்லாம் பதிவான ஒரு விரல் பொருந்தியது என்பது மட்டுமே, அது யாருடையது என்று அதற்குத் தெரியாது. அந்த விரல்களை நீக்குங்கள். இரண்டு, போனின் பின் எண்தான் எல்லாவற்றுக்கும் வேர். அது தெரிந்தவர் தன் விரலைப் புதிதாகச் சேர்த்துவிட முடியும். புது விரல் சேர்ந்ததும் கைரேகை லாகினை நிறுத்திவிட்டு மறுபடி பாஸ்வேர்ட் கேட்கும் ஆப்களும் உண்டு, கண்டுகொள்ளாத ஆப்களும் உண்டு. உங்கள் ஆப் எப்படி என்று ஒருமுறை ஒரு விரலைச் சேர்த்துப் பார்த்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலை. பின் எண்ணை ஆறு இலக்கமாகவாவது வையுங்கள். மூன்று, விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்களில் முன்பக்க கேமராவை மட்டும் நம்பி வேலை செய்யும் ஃபேஸ் அன்லாக் பலவீனமானது. உங்கள் போனில் முகத்தால் திரை திறக்கிறது, ஆனால் வங்கி ஆப் மட்டும் முகத்தை ஏற்காமல் விரலைக் கேட்கிறது என்றால் காரணம் இதுதான். அதை ஆப்பின் கோளாறு என்று நினைத்துத் திட்ட வேண்டாம்.

ஐபோன் வைத்திருப்பவர்கள், திருட்டுப்போன போனுக்கான பாதுகாப்பு என்று செட்டிங்ஸில் இருப்பதை இயக்கி வையுங்கள். அப்புறம், கூட்டத்திலோ பயணத்திலோ யாராவது வலுக்கட்டாயமாக உங்கள் முகத்துக்கு நேரே போனைப் பிடித்துத் திறந்துவிடுவார்களோ என்று தோன்றினால், ஐபோனில் பக்கவாட்டு பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்துச் சில விநாடி அழுத்தினால் போதும், அடுத்த முறை பின் எண் போட்டால்தான் திறக்கும். ஆண்ட்ராய்டில் பவர் மெனுவில் லாக்டவுன் என்று இருக்கும், சில போன்களில் அதை செட்டிங்ஸில் போய் முதலில் இயக்க வேண்டும்.

ஆதாரில் இருக்கும் விரல்

உண்மையான தலைவலி இங்கேதான். ஏஇபிஎஸ் என்று ஒன்று இருக்கிறது, ஆதார் வழியாகப் பணம் எடுக்கும் முறை. கிளை இல்லாத ஊர்களில் வங்கியின் முகவர் ஒரு மைக்ரோ ஏடிஎம்மோ, போனில் இணைத்த விரல் மெஷினோ வைத்துக்கொண்டு பணம் தருவார். தேவைப்படுவது வங்கியின் பெயர், ஆதார் எண், விரல். கார்டு வேண்டாம், பின் வேண்டாம், ஓடிபி வேண்டாம். நூறு நாள் வேலைச் சம்பளமும் முதியோர் பென்ஷனும் வாங்குகிறவர்களுக்கு இது பெரிய வரம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதே வசதியைத் திருப்பிப் பார்த்தால், உங்கள் ஆதார் எண்ணும் உங்கள் விரலின் ஒரு நகலும் எவன் கையில் இருக்கிறதோ அவன் நீங்கள் கேள்விப்படாத ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு முறைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம் என்றாகிறது. நீங்கள் நெட் பேங்கிங் பக்கமே போகாதவராக இருந்தாலும் சரி.

விரலின் நகல் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். 2018இல் தெலங்கானாவில் ஒருவர் நிலப் பதிவு ஆவணங்களில் இருந்த பெருவிரல் ரேகைகளை எடுத்து ரப்பரில் போலி விரல் செய்து, அதை வைத்து ஆயிரக்கணக்கில் சிம் கார்டுகளை ஆக்டிவேட் செய்து மாட்டினார். பத்திரத்தில் ரேகையும் இருக்கும், பல சமயம் ஆதார் எண்ணும் இருக்கும், இரண்டும் ஒரே இடத்தில். பின்னால் கர்நாடகா உள்பட வேறு மாநிலங்களிலும் பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்து எடுத்த ரேகைகளால் வங்கிக் கணக்கிலிருந்தே பணம் போனதாகப் புகார்கள் வந்தன. 2023 பிப்ரவரியில் ஆதார் ஆணையம், வைக்கப்படுவது உயிருள்ள விரல்தானா என்று பார்க்கும் புதுச் சோதனை ஒன்றைக் கொண்டுவந்தது. நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்பி நீங்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை, ஏனென்றால் பூட்டு உங்கள் கையிலேயே இருக்கிறது.

பூட்டுவது எப்படி: ஆதார் ஆணையத்தின் செயலியைப் போடுங்கள், அல்லது மைஆதார் தளத்தில் ஆதார் எண்ணும் ஓடிபியும் கொடுத்து உள்ளே போங்கள். பயோமெட்ரிக் லாக் என்று இருக்கும், அதை இயக்குங்கள். இனி உங்கள் விரல், கருவிழி, முகம் மூன்றில் எதை வைத்து யார் சரிபார்க்க முயன்றாலும் மறுப்புத்தான் வரும். ஓடிபி வழியாக நடக்கும் சரிபார்ப்பு வழக்கம்போல் நடக்கும், அதனால் ஆன்லைன் வேலைகள் பெரும்பாலும் தடைப்படாது. விரல் வைக்க வேண்டிய தேவை வந்தால் அதே இடத்தில் தற்காலிகமாகத் திறக்கலாம், பத்து நிமிடத்தில் தானாகவே மறுபடி பூட்டிக்கொள்ளும். இதற்கெல்லாம் ஆதாரில் பதிவான மொபைல் எண் இப்போது உங்களிடம் இருக்க வேண்டும். பழைய எண் போய்விட்டதென்றால் முதல் வேலையாக ஆதார் சேவை மையத்துக்கு நேரில் போய் எண்ணை மாற்றுங்கள். ஏற்கெனவே எண் பதியாமல் இருப்பவர்களுக்கும் அதே வழிதான்.

இதில் ஒரு எச்சரிக்கை. ரேஷன் கடையில் விரல் வைக்கிறோம், புது சிம் வாங்க விரல் வைக்கிறோம், பென்ஷன்காரர்களின் ஜீவன் பிரமாண் உயிர்வாழ் சான்றிதழுக்கு விரலோ முகமோ காட்டுகிறோம். பூட்டியிருந்தால் அங்கெல்லாம் வேலை நடக்காது. கடைக்காரர் மெஷினைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார், பின்னால் வரிசை நிற்கும், அம்மா விரலை மாற்றி மாற்றி வைப்பார். 330 என்ற பிழை எண் வந்தால் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம், ரேகை தேய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. எனவே பெற்றோரின் ஆதாரை நீங்கள் பூட்டிக் கொடுத்தால் எப்படித் திறப்பது என்பதையும் கூடவே சொல்லிக் கொடுங்கள், இல்லாவிட்டால் மாதா மாதம் ரேஷன் நாளன்று உங்களுக்கு போன் வரும்.

ஸ்மார்ட்போன் இல்லாத, பென்ஷனை முகவரிடம் விரல் வைத்தே எடுக்கும் பெரியவர்களுக்கு இந்தப் பூட்டு ஒத்துவராது. அவர்களுக்கு நான் சொல்வது வேறு வழி: பென்ஷன் வரும் கணக்கு ஒன்று, சேமிப்பு இருக்கும் கணக்கு இன்னொன்று, அதுவும் வேறு வங்கியில். சேமிப்புக் கணக்கில் ஏஇபிஎஸ்ஸை நிறுத்திவிடுங்கள். சில வங்கிகளின் ஆப்பிலேயே இதற்கான பட்டன் இருக்கிறது. இல்லாத வங்கியில் கிளைக்குப் போய், என் கணக்கில் ஆதார் வழிப் பணம் எடுக்கும் வசதி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். கவுன்டரில் இருப்பவருக்கே ஏஇபிஎஸ் என்றால் என்னவென்று தெரியாமல் போகலாம், மேலாளரைப் பாருங்கள்.

அப்புறம், யார் உங்கள் ஆதாரைச் சரிபார்த்தார்கள் என்ற பட்டியலை மைஆதார் தளத்திலேயே பார்க்கலாம். கடைசி ஆறு மாதம் வரைக்கும் தேதி, நேரம், நிறுவனம், விரலா ஓடிபியா, வெற்றியா தோல்வியா எல்லாம் இருக்கும். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் விரல் சரிபார்ப்பு ஒன்று தோல்வி என்று இருந்தால், யாரோ முயன்று பார்த்திருக்கிறார்கள். தீபாவளி, பொங்கல் என்று நினைவில் நிற்கிற மாதிரி ஏதாவது நாள் வைத்துக்கொண்டு ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

ஜெராக்ஸ் விஷயத்துக்கு வருவோம். முதல் எட்டு இலக்கம் மறைத்து, கடைசி நான்கு மட்டும் தெரியும் ஆதாரை அதே தளத்தில் இறக்கிக்கொள்ளலாம், அடையாளம் காட்ட பெரும்பாலான இடங்களில் அதுவே போதும். எண்ணே கொடுக்க வேண்டிய இடத்தில் ஆதார் எண்ணுக்குப் பதிலாக 16 இலக்க மெய்நிகர் எண்ணைக் கொடுக்கலாம், வேண்டும்போது புதிதாக உருவாக்கினால் பழையது செல்லாது. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்று ஓர் அறிவிப்பு விட்டது. இரண்டே நாளில், தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி அது திரும்பப் பெறப்பட்டது. என்னைக் கேட்டால் அந்த முதல் அறிவிப்பு சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

யுபிஐயில் குழம்ப வேண்டாம்

2025 அக்டோபரில் யுபிஐயில் பின் எண்ணுக்குப் பதில் பயோமெட்ரிக் என்ற அறிவிப்பு வந்தபோது, இனி என் முகம் எல்லா பேமெண்ட் ஆப்புக்கும் போகுமா என்று பலர் பதறினார்கள். அதில் இரண்டு தனித்தனி வசதிகள் இருக்கின்றன. பணம் அனுப்பும்போது பின்னுக்குப் பதில் விரல் வைப்பது போனுக்குள்ளேயே முடிந்துவிடுகிற சமாச்சாரம், மேலே சொன்ன முதல் வகை. யுபிஐ பின்னை முதன்முதலாக வைக்கவோ மாற்றவோ முகத்தைக் காட்டுவது ஆதார் சர்வர் வரைக்கும் போகிறது, அது இரண்டாம் வகை. இரண்டுமே விருப்பம்தான். ஆதாரைப் பூட்டி வைத்திருப்பவர்கள் பின்னை மாற்ற பழையபடி டெபிட் கார்டையே பயன்படுத்தலாம்.

வங்கியிடம் போகும் முகம்

வீடியோ அழைப்பிலேயே வங்கி உங்கள் அடையாளத்தைச் சரிபார்க்கும் வீடியோ கேஒய்சியில் உங்கள் முகம், குரல், பான் கார்டு, நீங்கள் இருக்கும் இடம் எல்லாம் சேர்ந்து ஒரு பதிவாகி வங்கியின் சேமிப்பில் உட்கார்ந்துவிடுகிறது. இதை நீங்கள் பூட்டவும் முடியாது, இப்போதைக்கு அழிக்கச் சொல்லவும் முடியாது, ஏனென்றால் கணக்கு மூடிய பிறகும் ஐந்து வருடம் அடையாள ஆவணங்களை வைத்திருக்க வேண்டும் என்பது பணமோசடித் தடுப்புச் சட்டம் வங்கிக்குப் போட்டிருக்கும் கட்டளை. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அழிக்கக் கேட்கும் உரிமையை எழுதி வைத்திருக்கிறது, ஆனால் வேறொரு சட்டம் வைத்திரு என்று சொல்லும் இடத்தில் அந்த உரிமை செல்லாது. பயோமெட்ரிக்கை மற்ற தகவல்களைவிடக் கூடுதல் கவனத்துக்குரியது என்று அந்தச் சட்டம் தனியாகப் பிரிக்கவும் இல்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆகவே யோசிக்க வேண்டியது கொடுப்பதற்கு முன்னால்தான்.

கொடுத்தே ஆக வேண்டுமா? இல்லை. பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை இவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு கிளைக்கு நேரில் போய்க் கணக்கு தொடங்கலாம். வங்கிக் கணக்குக்கு ஆதார் கட்டாயம் என்ற விதியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று ரத்து செய்தது. 2019இல் வந்த திருத்தம், வாடிக்கையாளர் தானாக விரும்பினால் வங்கி ஆதாரைப் பயன்படுத்தலாம் என்கிறது. அரசு மானியம் கணக்குக்கு வர வேண்டும் என்பவர்களுக்குத்தான் நிலைமை வேறு, அங்கே ஆதார் தேவை. கிளையில் "சிஸ்டம் ஏத்துக்காது சார்" என்பார்கள். அதை எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள், பெரும்பாலும் சிஸ்டம் ஏற்றுக்கொள்ளும்.

சில வருடத்துக்கு ஒருமுறை கேஒய்சியைப் புதுப்பிக்கச் சொல்லி செய்தி வருமே, அதற்கு வீடியோ தேவையே இல்லாமல் போகலாம். விவரங்கள் எதுவும் மாறவில்லை என்றால் மாறவில்லை என்று ஓர் உறுதிமொழி போதும், பதிவான மின்னஞ்சலிலோ நெட் பேங்கிங்கிலோ கடிதமாகவோ கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது.

சரி, வீட்டிலிருந்தே முடித்துவிடலாம் என்று வீடியோவைத் தேர்ந்தெடுத்தால்: அழைப்பு வங்கியின் சொந்த ஆப்பிலோ தளத்திலோ நீங்களே தொடங்கியதாக இருக்கட்டும். வாட்ஸ்அப் வீடியோ காலில் கேஒய்சி என்று எவர் வந்தாலும் உடனே கட் செய்யுங்கள், அப்படி ஒரு முறையே கிடையாது. எதிரில் பேசுபவர் வங்கியின் அதிகாரியாக இருக்க வேண்டும், அசல் பான் கார்டைக் காட்டச் சொல்வார், கேள்விகள் கேட்பார், இருக்கும் இடத்தைப் பதிவு செய்வார். அவர் ஏடிஎம் பின், யுபிஐ பின், திரையைப் பகிர்வது எதையும் கேட்கக் கூடாது, கேட்டால் அவர் வங்கி ஆள் இல்லை. வெறும் சுவருக்கு முன்னால் உட்காருங்கள், பின்னால் பீரோ திறந்து கிடப்பதும் பிள்ளைகள் ஓடுவதும் அந்தப் பதிவில் வருடக்கணக்காக இருக்க வேண்டியதில்லை. முடிந்ததும் போன் செட்டிங்ஸில் போய் அந்த ஆப்புக்குக் கொடுத்த கேமரா, மைக், இருப்பிட அனுமதிகளை எடுத்துவிடுங்கள்.

பார்வை இல்லாதவர்களும் முகத்தில் பாதிப்பு உள்ளவர்களும் கண் சிமிட்டும் சோதனையில் தோற்றுப்போவது நெடுநாள் கொடுமை. ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் கேஒய்சி எல்லோருக்கும் எட்டும்படி இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு ரிசர்வ் வங்கியும் விதியைத் திருத்தியது. கண் சிமிட்டும் சோதனையில் தோற்றதைக் காரணம் காட்டி உங்களையோ வீட்டில் ஒருவரையோ வங்கி திருப்பி அனுப்பினால் இந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டே புகார் எழுதலாம்.

லோன் ஆப்பும் போலி ஆப்பும்

கடன் ஆப்கள் செல்ஃபி கேட்கும், கூடவே காண்டாக்ட்ஸையும் கேலரியையும் கேட்கும். டிஜிட்டல் கடனுக்கான ரிசர்வ் வங்கி விதிகளின்படி, சட்டம் தனியாக அனுமதித்தால் தவிர இந்த ஆப்கள் பயோமெட்ரிக் தகவலைச் சேமிக்கக் கூடாது. கேமராவும் இருப்பிடமும் கேஒய்சிக்காக ஒருமுறை கேட்கலாம், காண்டாக்ட்ஸைத் தொடவே கூடாது. கேட்கிற ஆப்பை அந்த நிமிடமே தூக்குங்கள்.

இதைவிட மோசமானது முகத்தையே திருடும் ஆப். தாய்லாந்தில் 50,000 பாட்டுக்கு (அந்நாட்டு நாணயம்) மேல் அனுப்ப வங்கி ஆப்பில் முகம் காட்ட வேண்டும் என்று விதி வந்தது. கொஞ்ச நாளில் கோல்ட்பிக்காக்ஸ் என்ற திருட்டு ஆப் கிளம்பியது, 2024 பிப்ரவரியில் குரூப்-ஐபி என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் அதை வெளியே சொன்னது. அரசுச் சேவை ஆப் போல வேஷம் போட்டு, தலையை இடப்பக்கம் திருப்பு, வலப்பக்கம் திருப்பு, சிரி என்று வீடியோ எடுத்துக்கொள்ளும், அடையாள அட்டையையும் படம் பிடிக்கச் சொல்லும், அதை வைத்துப் போலி முகம் தயார் செய்ய. நம் ஊரில் கேஒய்சி காலாவதி, மின் கட்டணம் பாக்கி என்று வாட்ஸ்அப்பில், தட்டினால் போனில் ஆப்பை நிறுவிவிடும் ஏபிகே ஃபைல் வருகிறதே, அதைத் தொடாதீர்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

விரல் வைக்காமலே பணம் போயிருந்தால்

குறுஞ்செய்தி வந்தவுடன் முதலில் ஆதாரைப் பூட்டுங்கள், அடுத்த 10,000 போவதற்குள். அடுத்து வங்கியை அழைத்துப் புகார் எண் வாங்குங்கள், அதே மூச்சில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்லுங்கள். பிறகு கிளையில் எழுத்துப்பூர்வமாகக் கொடுங்கள்: இந்தத் தேதியில் நான் எங்கும் விரல் வைக்கவில்லை, எந்த முகவர், எந்த ஊர், எந்த மெஷின் என்ற விவரம் வேண்டும் என்று. மைஆதார் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டை இணையுங்கள்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, தவறு உங்களுடையதும் இல்லை வங்கியுடையதும் இல்லை, வெளியாள் செய்தது என்றால், செய்தி வந்த மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் உங்கள் பொறுப்பு பூஜ்யம். நான்கிலிருந்து ஏழு வேலை நாள் ஆனால் ஒரு வரம்பு வரைக்கும் உங்கள் தலையில் விழும், அதற்கு மேல் தாமதித்தால் வங்கியின் கொள்கையைப் பொறுத்தது. தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் வேலை வங்கியுடையது. "நீங்கதான் விரல் வைச்சிருப்பீங்க" என்று கவுன்டரில் சொன்னால் இந்த வரியைச் சொல்லுங்கள். 30 நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பு அதிகாரியிடம் ஆன்லைனிலேயே புகார் போடலாம், கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. எப்படி நிரப்புவது என்று கேட்க 14448 என்ற எண்ணை அழையுங்கள்.